குழம்புச் சோறும் பூனையின் ஈறும்

கேள்வி: எங்கள் பூனைக்கு நான்கு வயது, எடை நான்கு கிலோ. குட்டியிலிருந்தே எங்கள் வீட்டுச் சாளை மீன் குழம்பு ஊற்றிய சோறுதான் சாப்பாடு. பால், தயிர், முட்டை, கருவாடு, தேங்காய்ச் சில் என்று எதையும் விடாது. பூச்சிக்கு அவ்வப்போது பூண்டை நசுக்கிக் கொடுப்போம். வெங்காயம் பூனைக்கு விஷம் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இப்போதெல்லாம் அடிக்கடி சோர்ந்து படுத்துக்கொள்கிறது. காய்ச்சல் என்றால் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப் எவ்வளவு கொடுக்கலாம்?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில் அந்த சிரப்பை எடுத்துப் பூட்டி வையுங்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம். நம் கல்லீரலுக்கு பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றத் தெரியும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகவும் குறைவு. கிலோவுக்கு 10 மி.கி. அளவிலேயே பூனைகளுக்கு நஞ்சேறியிருக்கிறது. உங்கள் பூனைக்குக் கணக்குப் போட்டால் 40 மி.கி. ஐந்து மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப்பாக இருந்தால், ஒரே ஒரு மில்லியிலேயே 50 மி.கி. போய்விடும். அதுவும் காய்ச்சல் இருக்கிறதா என்றே தெரியாமல்! பூனையின் இயல்பான சூடே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. காதைத் தொட்டுப் பார்த்தால் நம் கைக்குச் சுடத்தான் செய்யும். வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பூனைக்கு வைத்தியம் பார்க்கிற வழக்கத்தை எத்தனை முறை சொன்னாலும் விடமாட்டேன் என்கிறார்கள்.

அப்புறம், உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். இத்தனை வருஷமாக நீங்கள் விஷம் வைத்து வளர்க்கவில்லை. வெங்காயம், பூண்டு இரண்டும் பூனைக்கு ஆகாது என்பது உண்மைதான். அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மனிதர்களின் ஹீமோகுளோபினைவிடப் பூனையின் ஹீமோகுளோபின் இந்தத் தாக்குதலுக்குச் சீக்கிரம் இடம் கொடுத்துவிடும். ஆனால் எல்லாம் அளவைப் பொறுத்தது. உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 5 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரிகிறது. உங்கள் பூனைக்கு அது 20 கிராம், அதாவது மூன்று நான்கு சின்ன வெங்காயம். ஒரு கரண்டிக் குழம்பில் அவ்வளவு இருக்காது. சிதைந்த அணுக்களும் உடம்பிலேயே தங்கிவிடுவதில்லை. பூனையின் சிவப்பணு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் வாழும், எலும்பு மஜ்ஜை புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். சேதம் லேசானதாக இருந்தால், குழம்பையும் பூண்டையும் இன்றே நிறுத்தினால் ரத்தம் தானாகத் தேறிவிடும்.

அதற்காக, இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று தொடரவும் வேண்டாம். சின்னச் சின்ன அளவாகத் தினமும் போனாலும் சேதம் சேரும். வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடித்தாலும் அந்தக் குணம் போகாது. வெங்காயத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டேன் என்பார்கள் சிலர். சாறெல்லாம் குழம்பில்தானே இறங்கியிருக்கிறது?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "அடிக்கடி சோர்ந்து" என்கிற இரண்டு சொல்தான். இதைப் படித்தவுடன் ஒரு காரியம் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் பூனையை மடியில் வைத்து, மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் லேசாக அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். சில பூனைகளுக்கு, முக்கியமாகச் செம்பழுப்புப் பூனைகளுக்கு, ஈறில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், அது இயல்பான நிறம், நோயில்லை. ஈறே கறுப்பாக இருந்தால் கண்ணின் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள்.

ஈறு வெள்ளைத் தாள்போல வெளுத்திருந்தாலோ மஞ்சள் ஓடியிருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர் கட்டந்தேநீர் நிறத்தில் போனாலும், சும்மா படுத்திருக்கும்போதே வேகமாக மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். வெங்காயத்தின் கெடுதல் தின்ற அன்று தெரியாது, சில நாள் கழித்துத்தான் வெளியே வரும். அதனால் நேற்று என்ன தின்றது என்று மட்டும் யோசித்துக் குழம்ப வேண்டாம். ஈறு பழுப்பாகவோ நீலம் பாரித்தோ இருந்து, முகமும் பாதமும் வீங்கினால் அது பெரும்பாலும் பாராசிட்டமால் வேலை. அதற்கு முறிமருந்து இருக்கிறது, ஆனால் சில மணி நேரம் தாமதித்தாலும் பலன் குறைந்துவிடும். நடுராத்திரியானாலும் கிளம்பத்தான் வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். அந்த உப்பே தனி ஆபத்து.

ஈறு வெளுப்பதற்கு வெங்காயம் மட்டுமே காரணமில்லை. தெள்ளுப்பூச்சி நிறைய இருந்தாலும், ரத்தத்தில் கிருமி இருந்தாலும் வெளுக்கும். ஒரு துளி ரத்தத்தை ஸ்லைடில் பார்த்தால் மருத்துவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். காணொளி எதுவும் இந்த வேலையைச் செய்யாது. ஈறு நன்றாக இருந்து சோர்வு மட்டும் தொடர்ந்தாலும், இந்த வாரத்திலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மற்றவை பயப்படும்படி இல்லை. பால் குடித்து வயிற்றால் போகாவிட்டால் கொஞ்சம் குடிக்கட்டும், போனால் நிறுத்துங்கள். தயிர், தேங்காய் ஆசைக்கு ஒரு வாய், சரி. முட்டையை வேகவைத்துக் கொடுங்கள். கருவாட்டை ஊறவைத்து உப்பை அலசி, எப்போதாவது. சோறு நஞ்சில்லை, ஆனால் பூனைக்கு அது வயிற்றை நிரப்புகிற பொருள் மட்டுமே. சாக்லேட் தூரத்தில் இருக்கட்டும். பூனைக்கு இனிப்பு ருசி தெரியாது என்பதால் அதுவாகத் தேடிப் போவதும் குறைவு.

மீன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழம்பு கூட்டுவதற்கு முன்பே பூனையின் பங்கைத் தனியே எடுத்து, உப்பில்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்துவிடுங்கள். பச்சை மீனில் பல வகைகளில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு, வெந்தால் அது போய்விடும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சோற்றிலேயே ஊற்றுங்கள். டாரின் என்கிற சத்து தண்ணீரில் கரைந்துவிடும், அது இல்லாமல் பூனையால் முடியாது. டாரின் குறைந்தால் பார்வை கெடும், இதயத் தசை பலவீனமாகும். இதய நோய்க்கு இதுதான் காரணம் என்று அமெரிக்காவில் 1987இல்தான் கண்டுபிடித்தார்கள், அதற்குப் பிறகு கடையில் விற்கும் பூனை உணவில் அதைக் கூட்டிச் சேர்க்கிறார்கள். தினமும் சாளை மட்டும் போதாது, கொழுப்பு மீனையே தின்றால் உடம்பின் கொழுப்பு புண்ணாகும். வாரத்தில் பாதி நாள் கோழி கொடுங்கள். கோழி இதயத்தில் டாரின் நிறைய. ஈரலை தினமும் வேண்டாம், வைட்டமின் ஏ மிஞ்சிக் கழுத்தெலும்பு இறுகும். வெந்த கோழி எலும்பு கூடவே கூடாது. முடிந்தால் ஒரு வேளையாவது பூனைக்கென்று செய்த உணவாக இருக்கட்டும்.

கடைசியாக அந்தப் பூண்டு. வெங்காயத்தைவிடக் கெடுதல் அதிகம் அது, பூச்சியையும் கொல்லாது. எடை பார்த்துப் பூச்சி மாத்திரை எழுதித் தருவார்கள், அரசு கால்நடை மருத்துவமனையிலேயே கேளுங்கள். போகும்போது பூண்டு கொடுத்ததையும், சிரப் ஏதும் ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதன் பாட்டிலையும் மறைக்காமல் காட்டுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து முதல் அரை மணி நேரத்தை வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர்.