மழை ரோட்டுல கார் சறுக்கினா என்ன செய்யுறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் தலவாக்கலை, நானுஓயா பக்கம் ஒரு ஸ்கூல்ல படிச்சுக் குடுக்குறேன். கார் ஓட்ட ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம், ஆட்டோ கியர் சின்ன கார். மூணு நாலு நாள் நல்ல வெயில் அடிச்சு அன்னைக்குப் பகலுக்குப் பொறகுதான் தூறல் பிடிச்சிச்சி, ஸ்கூல் விட்டு இறக்கத்துல வந்துக்கிட்டு இருந்தேன், வலது பக்கமா ஒரு முடக்கு, அதுக்குள்ள முன்னால போன கொழுந்து லொறி சடார்னு ஸ்லோ பண்ணவும் நான் பிரேக்க அமுக்கிட்டேன். கால்ல படபடன்னு அடிச்சிச்சி, பயந்து காலை எடுத்துட்டு திரும்ப அமுக்கினேன், ஸ்டேரிங்க எவ்வளவு திருப்பியும் கார் திரும்பல, நேரா போய் மலைப்பக்க கான்ல முன் சில்லு எறங்கிடிச்சி. எனக்கு ஒண்ணும் ஆகல. கராஜ் பாஸ் பார்த்துட்டு டயர்ல வெட்டு இன்னும் ஆழமாத்தான் இருக்கு, பிரேக்கும் நல்லா இருக்குன்னு சொல்றாரு. வீட்டுக்காரரு எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்றாரு. அன்னையில இருந்து மழை வந்தா பஸ்லதான் போறேன். என்மேல என்ன பிழை அண்ணா?

பதில்: டீச்சர், முதல்ல ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலங்குறதே பெரிய விஷயம். அந்த முடக்குல மலை இடது பக்கம் இருந்ததால கான்ல போய் நின்னுச்சி, அதே எடத்துல பள்ளம் இருந்திருந்தா கதை வேற. வீட்டுக்காரருகிட்ட ஒண்ணு சொல்லுங்க, இருபது வருஷம் லொறி ஓட்டுனவங்களும் அந்தப் பக்கம் இதே மாதிரி கான்ல எறங்கியிருக்காங்க.

நடந்தது என்னன்னா, ஒரு சில்லு ரோட்டத் தொடுற எடம் ஒங்க உள்ளங்கை அளவுதான், நாலு சில்லுக்கும் சேர்த்து நாலு உள்ளங்கை. அந்த நாலு கை பிடிக்கிற பிடிய வச்சுத்தான் கார் நிக்கணும், திரும்பணும், ரெண்டுக்கும் தனித்தனி பிடி கிடையாது. வீட்டுல ஒரு படி அரிசி இருக்குன்னு வைங்க, அத்தனையையும் மத்தியானச் சோத்துக்கே போட்டுட்டா ராவைக்கு என்ன செய்வீங்க? நீங்க முடக்குக்குள்ள போய் பிரேக்க முழுசா அமுக்கினதுல இருந்த பிடி அத்தனையும் பிரேக்குக்கே போயிடிச்சி, திருப்புறதுக்கு மிச்சம் இல்ல. அதனாலதான் ஸ்டேரிங்க ஒடிச்சும் கார் நேரா போச்சி. முன் சில்லு சறுக்கும்போது இன்னும் இன்னும் ஒடிக்கத்தான் கை போகும், எல்லாருக்கும் அப்படித்தான், ஆனா ஒடிக்க ஒடிக்க சில்லு குறுக்கால நின்னு ரோட்ட வழிச்சுக்கிட்டு போகுமே தவிர உருண்டு பிடிக்காது.

இதுல அந்த எடமும் ஒரு காரணம். நம்ம ரோடெல்லாம் மலை ஓரமா வளைஞ்சு வளைஞ்சு போகுது, மலை ஒங்களுக்கு இடது பக்கம் இருந்து முடக்கு வலது பக்கம் திரும்புதுன்னா பெரும்பாலும் அது ஒரு ஓடைத் தலைப்பு. மேல தோட்டத்துல இருந்து தண்ணி எறங்கி ரோட்டுக்கு வர்றது அங்கதான், தேயிலை மலைச் சேறு, சவுக்கு இலை, லொறி சில்லு கொண்டுவந்து போட்ட செம்மண்ணு எல்லாம் அங்கதான் சேரும். அதுக்கு மேல நீங்க போனது வெயிலுக்குப் பொறகு முதல் தூறல். அடை மழைய விட அந்தத் தூறல்தான் மோசம்னு நான் எப்பவும் சொல்றது. நாள் கணக்கா ரோட்டுல சிந்துன டீசல், ஒயில், டயர் தூள் எல்லாம் கொஞ்சத் தண்ணியில கலந்து சவர்க்காரம் மாதிரி ஆகிடும், நல்லா ஒரு மழை அடிச்சு கழுவிட்டுப் போனாத்தான் ரோடு கொஞ்சம் திரும்ப வரும். மார்ச் ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் நமக்குப் பகலுக்குப் பொறகு திடீர்னு இடிமழை வர்ற காலம், காலையில வெயில்ல போனவங்க சாயங்காலம் இந்த ரோட்டுலதான் வரணும்.

கணக்காவே பாருங்க. காஞ்ச ரோட்டுல 40ல வர்ற கார் பிரேக் பிடிச்சதுல இருந்து ஒரு 8 மீட்டர்ல நிக்கும், நனைஞ்ச ரோட்டுல அதுவே 16 மீட்டர் கிட்ட ஆகிடும், 10 மீட்டருக்கு 1 மீட்டர் எறங்குற இறக்கமா இருந்தா 21 மீட்டர். இது கால் பிரேக்குல பட்டதுக்குப் பொறகு உள்ள கணக்கு, கண்ணு பார்த்து கால் போறதுக்குள்ள ஒரு செக்கன்ல இன்னும் 11 மீட்டர் போயிடும். முடக்குக்கும் அப்படித்தான், 20 மீட்டர் ஆரத்துல ஒரு முடக்கு காஞ்ச ரோட்டுல 45 வரைக்கும் தாங்கும், நனைஞ்சா 32, சேறு இருந்தா 25. காலையில போன வேகத்துலயே சாயங்காலமும் போனீங்கன்னா, முடக்கு அதே முடக்குதான், ஆனா ஒங்ககிட்ட இருக்குற பிடி பாதிதான்.

அதனால மழையில பிரேக் வேலை எல்லாம் முடக்குக்கு முன்னாலேயே நேரா இருக்குற ரோட்டுல முடிஞ்சிடணும். உள்ள போனதுக்குப் பொறகு பிரேக்குல கால் இருக்கக் கூடாது, அக்சிலேட்டர லேசா தொட்டா மாதிரி வச்சு சும்மா உருட்டிக்கிட்டு வெளிய வாங்க. முன்னால லொறி இருந்தா அது முடக்க விட்டு வெளிய போற வரைக்கும் பின்னாலேயே நில்லுங்க, பின்னால வர்றவன் ஹோர்ன் அடிச்சா அடிக்கட்டும்.

கால்ல படபடன்னு அடிச்சது ஏபிஎஸ். சில்லு லொக் ஆகாம பிரேக்க விட்டு விட்டுப் பிடிக்குது, அது ஒடைஞ்ச சத்தம் இல்ல, வேலை செய்யுற சத்தம். முடக்குக்குள்ள பிரேக் பிடிச்சத விட, அது அடிக்கும்போது காலை எடுத்ததுதான் நீங்க செஞ்ச பெரிய பிழைன்னு நான் நினைக்கிறேன், எடுக்காம அமுக்கிக்கிட்டே ஸ்டேரிங்க கொஞ்சமா திருப்பியிருந்தா கான் வரைக்கும் போயிருக்காதுன்னு தோணுது. ஒரு நாள் மழையில ஆள் நடமாட்டம் இல்லாத நேரான எடமா பார்த்து, பின்னால ஒண்ணும் வரலன்னு உறுதி பண்ணிக்கிட்டு, 30ல போய் பிரேக்க ஒரே அமுக்கா அமுக்கிப் பாருங்க, பக்கத்துல வீட்டுக்காரரையும் வச்சுக்கங்க. அந்தப் படபடப்பு காலுக்குப் பழகிடும். ஏபிஎஸ் இல்லாத பழைய கார்னா இது பொருந்தாது, அதுல சில்லு லொக் ஆனா காலை லேசா தளர்த்தி சில்ல உருளவிட்டு திரும்ப மெதுவா பிடிக்கணும்.

இறக்கத்துல கியர 'D'யிலேயே விட்டு பிரேக்குல தொங்கிக்கிட்டு வராதீங்க, 'L'ஓ 'S'ஓ ஒங்க கார்ல எது இருக்கோ அந்தக் கியர்ல போட்டா எஞ்சினே பிடிச்சுக்கும். அதையும் முடக்குக்கு முன்னாலேயே போடணும், நடுவுல போட்டா அந்த இழுப்புலேயே சில்லு சறுக்கும். நம்ம ஆளுங்க பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல போட்டு எறக்குறத பார்த்தா எனக்கு வயித்த கலக்குது, அதுலயும் எஞ்சினையே நிப்பாட்டிட்டு எறக்குனா கொஞ்ச நேரத்துல பிரேக் கல்லாகிடும், ஸ்டேரிங்கும் இறுகிடும்.

டயரு விஷயத்துல பாஸ் சொன்னது பாதிதான். வெட்டு இருந்தாலும் ரப்பர் வயசாகி இறுகிட்டா பிடிக்காது. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் ஒண்ணு இருக்கும், 2319னு இருந்தா 2019ல 23வது கிழமை செஞ்ச டயர். ரீகண்டிஷன் கார் வாங்கினவங்க முக்கியமா பாருங்க, சில நேரம் காரோட வந்த டயரே இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும். வெட்டுக்குள்ள குறுக்கால சின்ன மேடு தெரியும், அது 1.6 மில்லிமீட்டர் அடையாளம், அதுவரைக்கும் தேயட்டும்னு கீழ் நாட்டுல ஓட்டலாமோ என்னமோ, வட்டவளை கினிகத்தேன மழையில நான் 3 மில்லிமீட்டர்லயே மாத்திடுவேன்.

மறுபடி ஓட்டுங்க டீச்சர். முதல்ல தூறல் இல்லாம நல்லா மழை அடிச்சு ரோடு கழுவினதுக்குப் பொறகு கிட்டத்துல எங்கயாவது போய் வாங்க.

கேள்வி: அண்ணே, நான் ஹட்டன்ல வேன் ஓட்டுறேன். முன்பக்கம் இல்ல, பின்பக்கம் வாரினா என்ன செய்யுறது?

பதில்: தம்பி, இது எனக்கே நடந்திருக்கு, வட்டவளைக்குக் கீழ, உள்ள ஒன்பது பேரோட, வேன் ரோட்ட குறுக்கால அடைச்சுக்கிட்டு நின்னுச்சி. எதிர்ல பஸ் வராததுதான் அன்னைக்கு எங்க உசிரு. நான் செஞ்ச பிழை பிரேக்க மிதிச்சதுதான். பின் சில்லு வாரும்போது பிரேக்கத் தொடாதீங்க, அக்சிலேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுங்க, ஹேண்ட் பிரேக் பக்கமே கை போகக் கூடாது. பின்பக்கம் இடது பக்கம் போச்சின்னா ஸ்டேரிங்கும் இடது பக்கம், வலது பக்கம் போச்சின்னா வலது பக்கம். அந்த நேரத்துல இதெல்லாம் யோசிக்க முடியாது, அதனால கண்ண நீங்க போக வேண்டிய ரோட்டு மேல வச்சுக்கங்க, கை தானா அந்தப் பக்கம் போகும். பள்ளத்தப் பார்த்தீங்கன்னா பள்ளத்துக்குத்தான் போவீங்க. வண்டி நேரானதும் ஸ்டேரிங்க ஒடனே திரும்பக் கொண்டு வாங்க, லேட்டானா அடுத்த பக்கம் வாரும். ஆளுங்க ஏத்துற வண்டியில பின் டயர் முன் டயர விட தேஞ்சிருக்கான்னு இன்னைக்கே பாருங்க, நல்ல ஜோடி பின்னாலதான் இருக்கணும். யாருக்காவது அடிபட்டா 1990க்கு கோல் எடுங்க, ஆம்புலன்ஸ் வரும், காசு கேக்க மாட்டாங்க.

கேள்வி: மழைக் காலத்துல டயர்ல காத்த கொறச்சு விட்டா ரோட்ட நல்லா பிடிக்கும்னு பம்புல சொல்றாங்களே, உண்மையா?

பதில்: இல்ல. மணல்லயும் சேத்துலயும் பொதையாம இருக்கத்தான் அது. தார் ரோட்டுல காத்து கொறஞ்சா டயர் நடு வளைஞ்சு உள்ள எழும்பிடும், தண்ணிய வெட்டித் தள்ள முடியாது, முடக்குல டயர் நெளியவும் செய்யும். டிரைவர் கதவத் தொறந்தா ஓரத்துல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல எவ்வளவு காத்துன்னு போட்டிருக்கும், அந்தக் கணக்குக்கு மாசம் ரெண்டு தரம், காலையில டயர் சூடாகுறதுக்கு முன்னால அடிச்சுக்கங்க.