தடுப்பூசி விழிப்புணர்வுப் பணிக்கு மகள் வெளிநாடு போகலாமா? ஒரு தாய்க்கு என் பதில்

அம்மா, வணக்கம்.

போன சனிக்கிழமை நீங்களும் மகளும் வந்தபோது பேச நேரம் போதவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) கடைசி வருடம் படிக்கிற பெண், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்லிப் பேசுவதற்காக ஆப்பிரிக்கா போகிறேன், சம்பளம் கிடையாது என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் போகட்டும். ஆனால் அவள் காட்டிய ஏஜென்சி வழியாக வேண்டாம், வருகிற ஜூனிலும் வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். விசிட் விசாவில் போனால் போதும் என்கிறார்கள். பல நாடுகளில் சம்பளமில்லாத வேலையானாலும் சுற்றுலா விசாவில் செய்யக் கூடாது. பிடிபட்டால் மாட்டிக்கொள்வது உங்கள் மகள்தான். அதைவிட எனக்குப் பொறுக்காதது அவர்கள் விளம்பரத்தில் இருந்த படம். வெளிநாட்டிலிருந்து போன ஒரு மாணவி குழந்தைக்கு ஊசி போடுகிறாள். உங்கள் மகள் நர்ஸிங் படித்தவள் இல்லை. தெரியாத கையில் ஊசியைக் கொடுக்கிற இடம் குழந்தைகளுக்கு நல்லது செய்கிற இடமாக இருக்க முடியாது.

ஊசி போடுவதில் நடக்கும் ஒரு பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பசிபிக் கடலில் உள்ள சமோவாவைச் சொல்லலாம். 2018 ஜூலையில் அங்கே தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சிறிது நேரத்தில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்துபோயின. தடுப்பூசியில் குறை இல்லை. பொடியாக வரும் மருந்தைத் தண்ணீரில் கரைப்பதற்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தைச் செவிலியர்கள் தவறுதலாகக் கலந்துவிட்டார்கள். அரசு பல மாதங்கள் அந்தத் தடுப்பூசியையே நிறுத்தி வைத்தது. மறுபடி தொடங்கியபோது பெற்றோர் பலர் பயந்து வரவில்லை. 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. சுமார் 2 லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700 பேருக்கு மேல் பாதிப்பு, 83 பேர் சாவு. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அந்த டிசம்பரில் நாட்டையே இரண்டு நாள் மூடி, தடுப்பூசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள். ஊசியும் மருந்தும் இருந்தாலும் போதாது, ஊருக்கு நம்பிக்கை வேண்டும். உங்கள் மகள் செய்ய ஆசைப்படும் வேலை அந்த நம்பிக்கையைச் சார்ந்தது.

இந்த வேலை எப்படி நடக்கும் என்று கேட்டீர்கள். உங்களுக்கே தெரியும் அம்மா. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டார்கள். போட்டால் ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, நீங்கள் இரண்டு நாள் அவளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை என்று சொன்னீர்கள். அப்புறம் உங்கள் ஊர் நர்ஸம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்து, உங்கள் பயத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, "என் பையனுக்கும் நேத்துதான் போட்டேன்" என்று சொன்னாராமே. இந்தப் பணியின் சாரமே அந்தத் திண்ணைப் பேச்சுதான்.

நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 2003இல் போலியோ சொட்டு மருந்தையே நிறுத்தினார்கள். அதைக் கொடுத்தால் குழந்தை பிறக்காது என்று வதந்தி. அதே கானோவில் 1996இல் ஒரு அமெரிக்க மருந்து நிறுவனம் மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகளிடம் புதிய மருந்தைச் சோதித்த கசப்பு மக்கள் மனதில் இருந்தது. அவர்கள் பயத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தோனேசியாவில் தயாரான சொட்டு மருந்தைக் கொண்டுவந்த பிறகு, 2004இல்தான் மறுபடி தொடங்கினார்கள். நம் உத்தரப்பிரதேசத்திலும் இதே வதந்தி இருந்தது. அதை மாற்றியவர்கள் அந்தந்தத் தெருவில் வாழ்ந்த பெண்களும், பள்ளிவாசலில் அறிவித்த இமாம்களும். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். ஆப்பிரிக்காவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் ஒழிந்ததாக 2020 ஆகஸ்டில் சான்று கிடைத்தது.

அப்படியானால் வெளியூர்க்காரியான உங்கள் மகளுக்கு அங்கே என்ன வேலை? திண்ணையில் உட்காரும் வேலை உள்ளூர்ப் பெண்ணுக்கு. எந்தத் தெருவில் என்ன வதந்தி ஓடுகிறது என்று தொகுப்பது, உள்ளூர் ஆட்களுக்கான பயிற்சிக்கு உதவுவது, எந்தக் குழந்தைகள் விடுபட்டார்கள் என்று கணக்கு வைப்பது, அதிகாரிகளுக்கு அறிக்கை எழுதுவது, இவைதான் அவளுக்கு. 2023 கணக்குப்படி உலகில் சுமார் 1 கோடியே 45 லட்சம் குழந்தைகள் ஒரே ஒரு தடுப்பூசிகூடப் போடாதவர்கள். ஆள் தேவைதான், வேலை தெரிந்த ஆள்.

அதனால் முதல் ஒரு வருடம் இங்கேயே. நம் ஊரில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதி வாங்கி, வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு நர்ஸம்மாவோடு நடக்கட்டும். கல்லூரி ஆய்வுக்கட்டுரையையே இதில் செய்யலாம், வழிகாட்டி ஆசிரியரிடம் நான் பேசுகிறேன். கூடவே ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் பதிவு செய்யட்டும். 1970இல் ஐ.நா. பொதுச்சபை தொடங்கிய திட்டம் இது, தலைமையகம் ஜெர்மனியில் பான் நகரம். 18 வயது ஆனவர்கள் வீட்டிலிருந்தே இணையவழியில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். இளைஞர் பிரிவுக்கு வயது 18 முதல் 26 வரை, எனவே அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. வெளிநாட்டுப் பணி கிடைத்தால் பயணச் செலவு, மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்கான தொகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் அவர்களே தருவார்கள். எந்தக் கட்டத்திலும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. அந்தப் பெயரில் யாராவது பணம் கேட்டால் அது மோசடி. (அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் பற்றியும் கேட்டாள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்.) முடிந்தால் பிரெஞ்சு படிக்கட்டும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பாதி கதவுகள் அதனால் திறக்கும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்டதற்கு மழுப்பிப் பதில் சொல்ல மாட்டேன். பாகிஸ்தானில் 2012க்குப் பிறகு போலியோ பணியாளர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2013 பிப்ரவரியில் கானோவிலும் அப்படி நடந்தது. எந்த நாடு, எந்த ஊர், யார் பொறுப்பு, திரும்ப அழைத்துவர என்ன ஏற்பாடு என்பதை எழுத்தில் வாங்காமல் விமான டிக்கெட் போடவே கூடாது. பல ஆப்பிரிக்க நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும்.

திரும்பி வந்தால் வேலை உண்டா? தன்னார்வலர் சான்றிதழை மட்டும் காட்டினால் யாரும் வேலை தர மாட்டார்கள், ஐ.நா. வேலைக்கும் அது உத்தரவாதம் இல்லை. ஆனால் அவள் எழுதிய அறிக்கை, கையாண்ட தரவு, நடத்திய பயிற்சி, இவற்றோடு பொது சுகாதாரத்தில் முதுகலைப் பட்டமான எம்.பி.ஹெச். முடித்தால் பொது சுகாதார நிறுவனங்களில் மக்கள் தொடர்புப் பணிக்குத் தகுதியோடு விண்ணப்பிக்கலாம். சம்பளம் ஐ.டி. அளவுக்கு வராது. அதை அவள் இப்போதே தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும், நீங்களும்.

ஏஜென்சிக்கு இருபதாம் தேதிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றீர்கள், கட்டாதீர்கள். அந்த நர்ஸம்மா பக்கத்து ஊருக்கு மாறுதலாகிப் போனார் என்று சொன்ன ஞாபகம். வருகிற புதன்கிழமை மகளை அழைத்துக்கொண்டு நீங்களே அவரைப் போய்ப் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை அவளுடைய மதிப்பெண் பட்டியலையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பலாம்.