எட்டுப் பேர் சேர்ந்தால் போதுமா?

கேள்வி: 'லையர் கேம்' என்ற ஜப்பானியப் படக்கதையை (மங்கா) தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். இரண்டாம் சுற்றில் 22 பேர் ஆடுகிறார்கள். எட்டுப் பேர் கூட்டுச் சேர்ந்தால் தோற்கவே முடியாது என்று கதையிலேயே சொல்லிவிடுகிறார்கள். பிறகு அதில் என்ன சூது, என்ன உளவியல்? தோற்றவர் தலையில் கோடிக்கணக்கில் கடன் விழுமாம். எந்தக் கோர்ட் அதை ஒப்புக்கொள்ளும்? எழுந்து வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? (ஒரு வாசகர், கோவை)

பதில்: கணக்கைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். நீங்கள் எந்தப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்று கதாசிரியர் எதிர்பார்த்தாரோ, அதே பக்கத்தில் நிறுத்தியும் விட்டீர்கள். எட்டுப் பேர் திட்டம் தூண்டிலில் மாட்டிய புழு. அதைக் காட்ட அந்தச் சுற்றின் முடிச்சை அவிழ்த்தே ஆகவேண்டும். இன்னும் படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

ஷினோபு கைடானி 2005 முதல் 2015 வரை 'யங் ஜம்ப்' வார இதழில் எழுதி வரைந்த தொடர் இது. மொத்தம் 19 தொகுதிகள். ஜப்பானிய மொழியில் பெரும்பான்மை முடிவுக்குத் 'தசூகெட்சு' என்று பெயர். அதில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி 'ஷோசூகெட்சு', அதாவது சிறுபான்மை முடிவு என்று இந்த ஆட்டத்துக்குப் பெயர் வைத்தார். ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்விக்கு 22 பேரும் ரகசியமாக ஓட்டுப் போடவேண்டும். அதிக ஓட்டு விழுந்த பக்கம் மொத்தமும் வெளியே. மிஞ்சியவர்கள் மறுபடி ஓட்டுப் போடுவார்கள், ஒருவரோ இருவரோ மிஞ்சும் வரை. ஒவ்வொருவர் தலையிலும் 10 கோடி யென் பணயம்.

நீங்கள் சொல்லும் திட்டம் இதுதான்: எட்டுப் பேரும் ஒவ்வொரு முறையும் சரிபாதியாகப் பிரிந்து ஓட்டுப் போடுவது. 22 பேரில் சிறுபான்மை எவ்வளவு போனாலும் 10 பேர்தான். அது எந்தப் பக்கமாக இருந்தாலும் நம் ஆட்கள் நால்வர் அங்கே இருப்பார்கள். அந்த 10 பேரில் சிறுபான்மை அதிகபட்சம் 4, அதில் நம்மவர் இருவர். அந்த நாலில் சிறுபான்மை ஒருவர், அவர் நம்மவர். மூன்று முறை பாதியாக்கியும் ஒருவர் மிஞ்சவேண்டும் என்பதால்தான் எட்டு. நால்வர் மட்டும் சேர்ந்தால் கடைசி ஓட்டில் ஒற்றை ஆளாக நின்று அதிர்ஷ்டத்தை நம்பவேண்டி வரும். பதினாறு பேரைச் சேர்த்தாலும் வெற்றி நிச்சயம், ஆனால் வெளியே இருக்கும் ஆறு பேரின் 60 கோடியைப் பதினாறாகப் பிரிக்கவேண்டும், தலைக்கு 3.75 கோடி. எட்டுப் பேர் என்றால் வெளியாட்கள் 14 பேரின் 140 கோடி; தலைக்கு 17.5 கோடி. ஆசைக்கும் பாதுகாப்புக்கும் நடுவே கச்சிதமாக உட்காரும் எண் அது.

இதுவரைக்கும் பிழையே இல்லை. இனி 21 புளியங்கொட்டையும் ஒரு சோழியும் எடுத்துத் தரையில் பரப்புங்கள். கொட்டைகளை ஏழேழாக மூன்று குவியல் ஆக்குங்கள். சோழி மூன்று குவியலுக்கும் பொது. ஏழு மூன்று இருபத்தொன்று, அதோடு ஒன்று; 22 ஆயிற்று. மூன்று அணிகளும் தங்களிடம் எட்டுப் பேர் இருப்பதாக நம்புகின்றன. எண்ணிப் பார்த்தாலும் எட்டுதான் வரும், ஏனென்றால் சோழியை மூவரும் எண்ணிக்கொள்கிறார்கள். கதையில் இப்படி ஓர் ஆள் இருக்கிறார்.

முதல் ஓட்டு. மூன்று அணியும் நாலுக்கு நாலு பிரிகின்றன. மூன்றிலும் சோழிக்கு 'ஆம்' பக்கம். அந்தப் பக்கம் உண்மையில் விழும் ஓட்டு 3+3+3, அதோடு சோழி ஒன்று, மொத்தம் 10. எதிர்ப்பக்கம் 4+4+4; மொத்தம் 12. சிறுபான்மை எது? சோழி இருக்கும் பக்கம். இரண்டாம் ஓட்டில் ஒவ்வொரு அணியும் தன்னிடம் நால்வர் மிச்சம் என்று நினைத்து இரண்டுக்கு இரண்டு பிரியும். சோழியின் பக்கம் 1+1+1+1, நாலு, எதிர்ப்பக்கம் 6. மூன்றாவது ஓட்டில் சோழி ஒன்று, எதிரே மூன்று. ஆட்டம் முடிந்தது. சோழி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தானாகவே சிறுபான்மை ஆகிவிடுகிறது. யாரையும் மிரட்டவேண்டாம், ஓட்டுச் சீட்டைத் தொடவும் வேண்டாம். இரண்டு அணிகளுக்கு அந்த ஆளே தலைவராக இருந்தால் போதும்; மூன்றாவது அணி தனக்கு எந்தப் பக்கத்தைக் கொடுக்கிறதோ அதையே மற்ற இரண்டிலும் எடுத்துக்கொள்ளலாம்.

உளவியல் எங்கே என்று கேட்டீர்கள். கடைசி ஓட்டுக்கு முன்னால் நிற்கும் அந்த நால்வரைப் பாருங்கள். சோழியைத் தவிர்த்த மூவரும் ஒரே நினைப்பில் இருக்கிறார்கள்: 'நானும் இவரும் நம் அணியின் கடைசி இருவர், மற்ற இருவரும் வெளியாட்கள்.' ஒவ்வொரு ஓட்டிலும் அவரவர் போட்ட கணக்கு இம்மி பிசகாமல் பலித்திருக்கிறது. முதலில் நால்வர் மிஞ்சினார்கள், பிறகு இருவர். சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. பொய் சொல்லி ஏமாற்றுகிறவர் என்றைக்காவது உளறி மாட்டிக்கொள்வார். இங்கே ஏமாற்றப்பட்டவர்களின் கையில் இருப்பதோ அவர்களே சரிபார்த்த உண்மைக் கணக்கு. கைடானியின் கெட்டிக்காரத்தனம் அத்தனையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன்.

இந்தச் சூழ்ச்சி உடையக்கூடியதுதான். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரே ஒருவர் சொன்னபடி போடாமல் மாற்றிப் போட்டால் 10-12 என்பது 11-11 ஆகும். சிறுபான்மை என்று ஒரு பக்கம் இல்லாமல் போகும். இருவர் மாற்றினால் சோழி வெளியே. இரண்டாம், மூன்றாம் ஓட்டுகளிலும் அதே நிலைமைதான், சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: வெவ்வேறு அணியைச் சேர்ந்த இருவர் ஒரு நிமிடம் மனம்விட்டுப் பேசிக்கொண்டால் போதும், 'உங்கள் அணியிலும் அவரா?' என்ற ஒரு கேள்வியில் எல்லாம் அம்பலம். எட்டுப் பேர் திட்டமோ வெளியாட்களிடம் மூச்சு விடாதே என்கிறது. தங்களைக் காக்க என்று அவர்கள் கடைப்பிடித்த ரகசியம்தான் அந்த ஆளைக் காப்பாற்றுகிறது.

கதையின் நாயகனான முன்னாள் மோசடிக்காரன் அகியாமா இதை எப்படி மோப்பம் பிடிக்கிறான் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

இனி கடன். கோர்ட் ஒப்புக்கொள்ளாது என்பதில் உங்களோடு முழு உடன்பாடு. ஜப்பானின் குற்றவியல் சட்டம் 185-ஆம் பிரிவின்படி சூதாட்டம் குற்றம். பொது ஒழுங்குக்கும் நல்லொழுக்கத்துக்கும் விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது சிவில் சட்டம் 90-ஆம் பிரிவு. ஆகவே 10 கோடிக் கடனை எந்த நீதிபதியும் வசூலித்துத் தரமாட்டார். ஆனால் அதே பிரிவை அணிக்குள் போட்ட பங்குப் பேச்சுக்கும் பொருத்திப் பாருங்கள். ஜெயித்த ஆள் பங்கைத் தராமல் போனால் மற்ற ஏழு பேரும் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்கள்? அந்த ஒப்பந்தமும் செல்லாததுதானே. சட்டத்துக்கு விரோதமான காரியத்துக்காகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது என்று 708-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. தோற்றவரை விடுவிக்கும் அதே சட்டம், நம்பிக் கெட்டவரைக் கைவிட்டுவிடுகிறது.

எழுந்து போகலாமே என்பது, சட்டவிரோதக் கடன் எப்படி வசூலாகிறது என்பதை யோசிக்காமல் கேட்டது. 'யமிகின்' என்று ஜப்பானில் சொல்லப்படும் கள்ள வட்டிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போவதில்லை. வீட்டுக்கும் வேலை பார்க்கும் இடத்துக்கும் சொந்தக்காரர்களிடமும் போவார்கள். இதை இன்னும் துல்லியமாகக் காட்டும் மங்கா, நோபுயுகி ஃபுகுமோட்டோ 1996-ல் தொடங்கிய 'கைஜி'. கூட வேலை பார்த்தவன் வாங்கிய 3 லட்சம் யென்னுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் கைஜி. 14 மாதம் கழித்து வாசலில் நிற்கும் ஆள் கேட்பது 38.5 லட்சம். மிகைப்படுத்தல் என்று தோன்றும். நம் ஊரில் 'இருபது வட்டி' என்றால் மாதம் நூற்றுக்கு இருபது என்று எல்லோருக்கும் தெரியும்; இதுவும் அதே இருபது வட்டிதான், ஆனால் கூட்டு வட்டி. 1.2-ஐ 14 தடவை பெருக்கினால் 12.84, மூன்று லட்சத்தால் பெருக்குங்கள், 38.5 லட்சம் வருகிறது. தனிவட்டியாக இருந்திருந்தால் 11.4 லட்சம். அந்தத் தொகைக்குச் சட்டம் அனுமதித்த வருடம் 18 சதவீத வட்டியில் 3,63,000. ஒரே கையெழுத்துக்கு மூன்று தொகை. கைஜியிடம் கேட்கப்படுவது மூன்றிலும் பெரியது.

இந்தக் கதைகளை முதலில் படித்த ஜப்பானியர்களுக்கு இது கற்பனைப் பயம் இல்லை. வட்டி வரம்புச் சட்டத்தின் உச்சவரம்பு 15 முதல் 20 சதவீதம் வரை. தண்டனைக்குரிய வட்டி என்று குறித்திருந்ததோ 2000 வரை 40.004 சதவீதம், அதன்பின் 29.2 சதவீதம். இடைப்பட்ட சந்தில் கடன் கம்பெனிகள் வளமாக வாழ்ந்தன. 2006-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சட்டத் திருத்தமும் வந்தன. தண்டனை வரம்பு 20 சதவீதமாக இறங்கியதும், வருட வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடன் தரக்கூடாது என்பதும் 2010 ஜூனில்தான் முழுதாக அமலுக்கு வந்தன. அப்போதும் 'லையர் கேம்' தொடர் முடிந்திருக்கவில்லை.

எழுந்து போகும் வழியைக் கதையும் அடைத்துவிடவில்லை. வென்ற பணத்தில் பாதியை ஆட்டத்தை நடத்துகிறவர்களிடம் கட்டினால் விலகலாம். அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டாம் சுற்றில் 22 பேரின் பணயம் 220 கோடி. ஒருவரே ஜெயித்தால் அவர் லாபம் 210 கோடி. மற்ற 21 பேரின் கடனைக் கூட்டினால் அதுவும் 210 கோடி. ஜெயித்தவர் விலகினால் 105 கோடி நடத்துகிறவர்களுக்கு. ஆனால் ஜெயித்தவர் அவரவர் பணத்தை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால்? 22 பேருக்கும் கடன் இல்லை, நடத்துகிறவர்களுக்கு ஒரு யென்கூட இல்லை. ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கவிழ்த்தால் மட்டுமே லாபம் வரும் தொழில் இது. கதையில் எல்லோரும் அசடு என்று நினைக்கும் நாயகி நாவோ சுற்றுக்குச் சுற்று கெஞ்சுவது இந்த ஒன்றைத்தான்: எல்லோரும் திருப்பிக் கொடுத்துவிடலாம். எட்டுப் பேர் கணக்கில் 14 பேர் கடனாளி ஆகிறார்கள். அவள் கணக்கில் ஒருவரும் இல்லை. அவள் பேசும் பக்கங்களை வேகமாகப் புரட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து மறுபடி படியுங்கள்.