கண்ணில் படாத துகளை உண்மை என்று சொல்லலாமா?

யாரும் பார்க்காத துகள்கள் கணக்குக்கான கற்பனைதானே, மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். உண்மை என்றே துணிந்து சொல்லுங்கள். 1930-இல் இயற்பியலாளர் பவுலி, கதிரியக்கச் சிதைவில் குறைந்த ஆற்றலின் கணக்கைச் சரிக்கட்ட நியூட்ரினோ என்ற துகளை முன்வைத்தபோது உங்கள் சந்தேகம் நியாயமானதாக இருந்திருக்கும். 1956-இல் ரைன்ஸும் கோவனும் அணு உலை அருகே அதன் எதிர்த்துகள்களான எதிர் நியூட்ரினோக்களைக் கண்டறிந்தார்கள். உலை இயங்கியபோது பதிவுகள் கூடின, நிறுத்தியதும் குறைந்தன. வெறும் கற்பனைக்கு உலை நின்றது எப்படித் தெரியும்?

எலக்ட்ரான் கற்றையைக் காந்தத்தால் வளைத்து நுண்ணோக்கியில் ஒளிக்குப் பதிலாகவே பயன்படுத்துகிறோம். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க் என்ற துகளில் மட்டும் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. அதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிந்ததே இல்லை. ஆனாலும் 1968 வாக்கில் புரோட்டானுக்குள் பாய்ச்சிய எலக்ட்ரான்கள், உள்ளே சிறு புள்ளிகளில் மோதியதுபோல் பெரிய கோணங்களில் சிதறின. மகளுக்கு, துகள் போகும் வழியில் ஆவி துளிகளாகத் திரளும் கருவியான முகில் அறையின் படம் ஒன்றைக் காட்டுங்கள். துகள் போன தடம் அதில் வெள்ளைக் கோடாகத் தெரியும்.