பதில்: சூடோமோனாஸ் இட்டும் நிலக்கடலை வெளுக்கிறது

வணக்கம் ஐயா. கார அமிலநிலை (pH) 8.3 உள்ள சுண்ணாம்பு மண்ணில், நரம்புகள் பச்சையாக இருக்க இளந்தளிர்கள் மட்டும் வெளுப்பதாகவும், சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவை இட்டும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இது இரும்புப் பற்றாக்குறையின் அறிகுறியே. தழைச்சத்துக் குறைந்திருந்தால் முதிர்ந்த இலைகளே முதலில் மஞ்சளாகியிருக்கும்.

உங்கள் மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. கார அமிலநிலை ஓர் அலகு உயர்ந்தாலே ஃபெரிக் இரும்பின் (ஆக்சிஜனேற்றமடைந்த இரும்பின்) கரைதிறன் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைந்துவிடுவதால், அது வேருக்கு எட்டாமல் கிடக்கிறது. சூடோமோனாஸ் ஃபுளூரசன்ஸ், பயோவெர்டின் என்னும் மஞ்சள்பச்சை நிறச் சிடரோஃபோரை (இரும்பைப் பற்றும் சேர்மத்தை) சுரந்து அந்த இரும்பை இறுகப் பற்றிக் கரைநிலைக்குக் கொண்டுவருகிறது. அதைவிட முக்கியமாக, 1980இல் குளோப்பர் என்னும் ஆய்வாளரின் குழுவினர் காட்டியதுபோல, வேரைச் சுற்றியுள்ள தீய நுண்ணுயிர்களுக்கு இரும்பு கிடைக்காமல் செய்து அவற்றை ஒடுக்குகிறது. ஆகவே அது இரும்பு உரமன்று (விற்பவர்கள் அப்படிச் சொல்வதுண்டு). வெளுத்த இலையை அது ஒரு வாரத்தில் பச்சையாக்காது.

இப்போதைக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்டை) நீரில் கரைத்த உடனே, மாலை வேளையில் தெளித்து, பத்து நாள் கழித்து மீண்டும் தெளியுங்கள். அடுத்த பருவத்தில் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கொண்டு விதைநேர்த்தி செய்யுங்கள். அதனுடன் செம்பு மருந்து எதையும் கலக்க வேண்டாம்.