செருக முடிந்தால் போதுமா?

கே: பல இழைச் செப்புக் கம்பியின் நுனிக்கு ஈயம் வைத்துத் திருகு கனெக்டரில் இறுக்கினால் பிடிப்பு கூடுமா?

ப: குறையும். திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி விலகிவிடும். ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழலை நுனியில் மாட்டி, அதற்கான கருவியால் அழுத்துங்கள்.

கே: என் டைப் சி கேபிள் நல்ல தடிமன். ஆனாலும் மடிக்கணினி மெதுவாகவே சார்ஜ் ஆகிறது.

ப: தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள். உள்ளே அடையாளச் சிப் இல்லாத கேபிளில் 3 ஆம்பியருக்கு மேல் சார்ஜர் அனுப்பாது. 20 வோல்ட்டில் அது 60 வாட்தான். சிப் இல்லாத கேபிளின் உறையில் 100 வாட் என்று அச்சிட்டிருந்தால் அது மோசடி. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கே: பழைய அடாப்டரின் உருளை முனை புதிய ரவுட்டரில் சரியாகப் பொருந்தியது. ரவுட்டர் கருகிவிட்டது. கடையில் மாற்றித்தர மறுக்கிறார்கள்.

ப: மறுப்பதுதான் நியாயம். வோல்ட் எவ்வளவு, நடுமுனை நேரா எதிரா என்பதெல்லாம் பெரும்பாலும் இரண்டிலும் அச்சிட்டே இருக்கும். அதைப் படிக்க அரை நிமிடம் போதாதா?

கே: சோலார் தகட்டின் கம்பிகளை இணைக்கும் கனெக்டர் வகை எம்சி4. தகடு பொருத்தியவர், 'எம்சி4 உடன் பொருந்தும்' என்று வேறு நிறுவனத்தின் கனெக்டரை இணைத்தார். ஒரே ஆண்டில் உருகிவிட்டது.

ப: தவறு உங்களுடையதல்ல. இரு பாதியையும் அவர் தன் செலவில் மாற்றித்தர வேண்டும். உருகிய துண்டை எறிந்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

அந்த 'பொருந்தும்' என்ற சொல்லைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். வெளியே ஒரு குறையும் தெரியாது. உள்ளே ஒரு நிறுவனத்தின் உலோக முனையும் மற்ற நிறுவனத்தின் குழலும் மயிரிழை வித்தியாசத்தில் தொட்டும் தொடாமலும் நிற்கும். அந்த இடத்தில் தடை 0.1 ஓம் ஆனாலே, 10 ஆம்பியர் ஓடும்போது 10 வாட் வெப்பம் பிறக்கும். மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் அது எங்கே போகும்? வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 அல்லது 120 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணைய வாய்ப்புண்டு. சோலாரின் நேர்மின்னோட்டத்தில் அந்த வாய்ப்பும் இல்லை. பொறி பிடித்தால் எரிந்துகொண்டே இருக்கும். இரு பாதியும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்கட்டும். இதில் சமரசமே வேண்டாம்.

கே: பித்தளை என்று வாங்கிய பிளக்கின் பின்கள் துருப்பிடிக்கின்றன.

ப: ஏமாற்றியிருக்கிறார்கள். நானும் இப்படி ஒரு டஜன் வாங்கினேன். சந்தேகத்தில் காந்தத்தை வைத்தபோது பின்கள் இறுக ஒட்டிக்கொண்டன. இரும்புக்கு மேலே வெறும் பூச்சு! பன்னிரண்டையும் திருப்பிக் கொடுத்தேன். நீங்களும் காந்தத்தோடு கடைக்குப் போங்கள். விற்றவர் முன்னாலேயே ஒட்டிக் காட்டிப் பணத்தைக் கேளுங்கள்.