பத்தாண்டு மௌனமும் ஒரு புல்வெட்டும் வண்டியும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நீங்கள் பரிந்துரைத்ததால் டேவிட் லிஞ்ச் 1999இல் இயக்கிய ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’ படத்தைப் பார்த்தேன். பத்தாண்டுகள் பேசாதிருந்த சகோதரர்கள் எதற்காகப் பிரிந்தார்கள் என்று படம் விளக்கவே இல்லை. கடைசியில் சந்திக்கும்போதும் இருவரும் மனம்விட்டுப் பேசுவதில்லை. இவ்வளவு தூரம் கூட்டிச் சென்றுவிட்டு இயக்குநர் நம்மைப் பாதி வழியில் இறக்கிவிட்டதாகவே உணர்ந்தேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனாலும் என்னால் உடன்பட இயலவில்லை. காரணத்தைப் படம் முற்றிலும் மறைக்கவில்லை. பயணத்தின் முடிவுக்குச் சற்று முன்பு, கல்லறைத் தோட்டத்தில் தங்கும் இரவில், கோபமும் வீண்பெருமையும் குடியும் சேர்ந்து தங்களைப் பிரித்ததை, தன் சகோதரரைத் தேடிப் பயணம் போகும் ஆல்வின் ஒரு பாதிரியாரிடம் சொல்லிவிடுகிறார். அதற்கு மேல் விவரம் தெரிந்திருந்தால் யார் பக்கம் நியாயம் என்று நாம் விசாரிக்கத் தொடங்கிவிடுவோம். ஆல்வினே கைவிட்ட வழக்கு அது.

இது உண்மையில் நடந்த பயணம் என்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். 1994இல், கண்பார்வை மங்கி ஓட்டுநர் உரிமம் இல்லாதிருந்த 73 வயது ஆல்வின் ஸ்ட்ரெய்ட், பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட சகோதரரைப் பார்ப்பதற்காக, அயோவா மாநிலத்தின் லாரன்ஸிலிருந்து விஸ்கான்சினின் மவுண்ட் சயன் வரை ஏறத்தாழ 240 மைல் தூரத்தைப் புல்வெட்டும் வண்டியிலேயே கடந்தார். படத்தில், வழியில் வண்டி பழுதாகி நிற்கும்போது, தன் காரிலேயே கொண்டுபோய் விடுவதாக ஒருவர் அன்போடு சொல்கிறார். ஆல்வின் நன்றி சொல்லி மறுத்துவிடுகிறார். அந்த மறுப்பில்தான் படத்தின் உயிர் இருப்பதாக நான் நினைக்கிறேன். காரில் ஒரே நாளில் போய் இறங்கியிருந்தால், வாசலில் நின்று மன்னிப்பைச் சொற்களால்தான் கேட்டிருக்க வேண்டும். அத்தகைய சொற்கள் அவரிடம் இல்லை. மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் வாரக்கணக்காக மழையிலும் குளிரிலும் ஊர்ந்து வந்ததே அவர் கேட்கும் மன்னிப்பு.

அதே இடத்தில் வண்டியைப் பழுதுபார்க்கும் இரட்டையர்களின் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் கூலிக்குப் பேரம் பேசி முடித்த பிறகு, ஓயாமல் சச்சரவு செய்துகொண்டிருக்கும் அவ்விருவரிடமும், வயதில் நெருங்கிய சகோதரனைப் போல நம்மை முழுதாக அறிந்தவர் உலகில் வேறு எவரும் இல்லை என்கிறார் ஆல்வின். தன் சகோதரர் லைலிடம் சொல்லியிருக்க வேண்டியதை முன்பின் தெரியாதவர்களிடம்தான் அவரால் சொல்ல முடிகிறது.

இறுதிக் காட்சியில் ஆல்வினின் கைகளில் இரண்டு ஊன்றுகோல்கள். லைல் வாக்கரைப் பிடித்தபடி வெளியே வருகிறார். (ஆல்வினாக நடித்த ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த் அப்போது உண்மையிலேயே புற்றுநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார், அந்தத் தள்ளாட்டம் முழுவதும் நடிப்பல்ல.) இருவரும் உட்கார்ந்த பிறகு லைலின் பார்வை வெளியே நிற்கும் வண்டியின்மீது விழுகிறது, அவர் முகம் மெல்ல உடைகிறது. என்னைப் பார்ப்பதற்காக இதிலேயா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறார். ஆமாம் என்கிறார் ஆல்வின். நீங்கள் எதிர்பார்த்த பேச்சு, அந்த ஒரு கேள்வியிலும் பதிலிலும் நடந்து முடிந்துவிடுகிறது.